பத்தொன்பதாவது கருத்து

"நல்லாயிருக்கு" என்று சொன்னால் அண்ணை எழுதமாட்டார். பேனை கையில் இருக்கும், கொப்பி திறந்திருக்கும், ஆனால் எழுதமாட்டார். முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"நல்லாயிருக்கு எண்டுறது கருத்தில்லை," என்பார். "தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வெறுங்கோப்பையைத் திருப்பித் தாற மாதிரி. தேத்தண்ணியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு பேசாமல் நிற்பார். அந்த நிற்பை முக்கால்வாசிப் பேருக்குத் தாங்க ஏலாது. மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே, ஒரு சொல் மாறாமல், திகதியும் போட்டு எழுதுவார். நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொள்வார். கருத்துக் கேட்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவது அவருடைய வழக்கம்.

அப்படித் தன்னுடைய பாட்டுகளைப் பற்றி இருபத்துமூன்று பேரிடம் கருத்து வாங்கியிருந்தார். நீல மட்டைக் கொப்பி. அதில் பத்தொன்பதாவதாக என் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

நானும் அவரும் மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் ஒரு லோண்டரியில் வேலை செய்தோம். வீட்டுத் துணி தோய்க்கிற கடை இல்லை, ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்பு, துவாய், ஒப்பரேஷன் உடுப்பு எல்லாம் லொறிக்கணக்கில் வந்து தோய்ந்து போகிற பெரிய இடம். நான் அழுக்குப் பக்கம். வருகிற பைகளை அவிழ்த்துத் தரம் பிரிக்கிற வேலை. அண்ணை ட்ரக் ஓட்டினார். கிப்ஸ்லண்ட் பக்கம் உள்ள சின்னச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு விடியக் கிளம்பிப் போய், சுத்தமான துணியை இறக்கி, அழுக்கை ஏற்றிக்கொண்டு பின்னேரம் இரண்டு மணிக்குத் திரும்பி வருவார்.

அந்த வழியில் ஓர் இடத்துக்குப் பிறகு ட்ரக் ரேடியோவில் ஒரே ஒரு நிலையம்தான் பிடிக்கும். நாள் முழுக்க கன்ட்ரி பாட்டு. கிற்றாரும் ஒரு ஆளும்.

"ஏழு வருசம் அதைக் கேட்டால் மாட்டுக்கும் பாட்டு வரும், பிள்ளை," என்று சொன்னார். "எனக்கு வந்ததில என்ன புதினம்?"

வந்தது எட்டுப் பாட்டு. எல்லாம் தமிழில். ஒரு கிற்றார், ஒரு குரல், வேறு ஒன்றும் இல்லை. எழுதினது அவர், பாடினது அவர், பதிவு செய்தது அவர், சீடி அடித்தது அவர், துணிப் பெட்டி மட்டையை வெட்டி உறை செய்ததும் அவர்தான். அறுபது சீடி.

எங்கே பதிவு செய்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு வந்தால் இறக்குகிற மேடையில் இடம் இருக்காது. அரை மணி, முக்கால் மணி ட்ரக் வரிசையில் நிற்கும். மற்ற டிரைவர்மார் சிகரட் பிடிப்பார்கள். அண்ணை ட்ரக்கின் பின்பக்கம் ஏறி, உருட்டுக் கதவை இழுத்து மூடிவிட்டு, அழுக்குத் துணிப் பைகளுக்கு நடுவில் இருந்து பாடுவார். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் பை. வெளி இரைச்சல் உள்ளே பெரிதாக வராது. மெல்பேர்ன் முழுக்கத் தேடினாலும் அப்படி அமைதியான அறை காசுக்குக் கிடைக்காது என்பார். மணம் மட்டும்தான். அது சீடியில் வராதுதானே.

எனக்கு அது தெரியாது. ஒரு நாள் மேடை வெறுமையாகிவிட்டதென்று நான் போய்க் கதவைக் கடகடவென்று மேலே தள்ளினேன். உள்ளே பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, செம்மஞ்சள் வேலைச் சட்டையோடு, மடியில் கிற்றாரோடு இருக்கிறார். ஒரு பையின் வாயில் போன் செருகியிருக்கிறது. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், பொறு என்கிற மாதிரி. பாட்டை நிறுத்தவில்லை. நான் கதவைப் பிடித்தபடி பாட்டு முடியும் மட்டும் நின்றேன்.

"அண்ணை, பழுதாக்கிப்போட்டன். திருப்பிப் பாடுங்கோ."

"ஏன்?"

"கதவுச் சத்தம் விழுந்திருக்குமெல்லோ."

"விழுந்ததுதானே. இருக்கட்டும்."

மூன்றாவது பாட்டில் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. எட்டாவதில் வேறு ட்ரக் ஒன்று பின்னுக்கு வருகிற பீப் பீப் சத்தம் இருக்கிறது. ஐந்தாவதில் அவர் ஒரு வரியை மறந்து, "சீ, இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பிடிப்பார். அதையும் வெட்டவில்லை. எதையாவது எடுக்கச் சொன்னால் அந்த ஒரே பதில்தான், நடந்ததுதானே, இருக்கட்டும்.

கொப்பியும் அப்படித்தான். முதலாவது கருத்து அவருடைய மனுசி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவ. "உப்பில்லாச் சொதி. ஆனா சோத்தோடை போகும்." திகதி.

இரண்டாவது, பலசரக்குக் கடை வைத்திருக்கிற அங்கிள். "தபேலா எங்கை? கீபோட் எங்கை? என்னட்டைச் சொல்லியிருந்தால் பெடியளைப் பிடிச்சுத் தந்திருப்பன். இது வாங்கின வீட்டில கதவு யன்னல் இல்லாத மாதிரிக் கிடக்கு."

மகளுக்குப் பதினாறு வயது. "அப்பா, இட்ஸ் கைண்ட் ஒஃப் எம்ப்டி. இன் எ குட் வே. ஐ திங்க்." அண்ணை அந்த 'ஐ திங்க்' மட்டும் சரியாக எழுதியிருக்கிறாரா என்று மகளிடம் திரும்பக் காட்டிக் கேட்டாராம்.

ரோவிலில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவர் சொன்னது நீளம். "அண்ணா, மிக்ஸிங் எதுவுமே பண்ணலையா? ஸ்பீக்கர்ல போட்டா பக்கத்து ரூம்ல யாரோ பாடுற மாதிரி இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க. ஆனா அந்த ரெண்டாவது பாட்டு இருக்குல்ல, குதிரை, அது போடலைன்னா என் பொண்ணு தூங்க மாட்டேங்குறா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு." இதில் பாராட்டு எது, குறை எது என்று பிரிக்காமல் முழுவதையும் எழுதியிருந்தார்.

அந்தக் குதிரைப் பாட்டில் ஒன்றும் நடக்காது. ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு புல்வெளி, ஒரு வேலி, ஒரு கிழட்டுக் குதிரை. அண்ணை துணி இறக்கும்போது அது வேலியோரம் வந்து நிற்கும். அவ்வளவுதான் பாட்டு.

வேலிக்கு அங்காலை நிண்ட குதிரை
என்னட்டை ஒண்டும் கேட்கேல்லை
நானும் ஒண்டும் சொல்லேல்லை
நாளைக்கும் வாறன் எண்டு சொன்னன்

எங்களோடு ஒரு வெள்ளைக்கார டிரைவர் வேலை செய்தார். வயது போனவர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அண்ணை அவருக்கும் ஒரு சீடி கொடுத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றார். கிழவர் யோசித்துவிட்டு, "ஒன்றும் விளங்கவில்லை மேட், ஆனால் அது கவலையான குதிரை" என்றார். அண்ணை ஒரு கிழமை முழுக்க அதையே கதைத்தார். "எப்பிடியடி பிள்ளை கண்டுபிடிச்சான்? குதிரை எண்டு ஆர் சொன்னது அவனுக்கு?" நான் சொன்னேன், உறையில் குதிரைப் படம் கீறியிருக்கிறீர்கள் அண்ணை என்று. உறையைத் திருப்பிப் பார்த்தார். "ஓம். ஆனா கவலை எண்டு கீறேல்லையே."

த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்கும் வெள்ளிக்கிழமைகளில் சீடி கொண்டுபோவார். பூசை முடிந்து சனம் காருக்கு வரும்போது ஆளுக்கொன்று கொடுப்பார். அது பிரச்சினை இல்லை. இரண்டு கிழமை கழித்து அதே இடத்தில் கொப்பியோடு நிற்பார். அதுதான் பிரச்சினை. ஒரு அன்ரி அவரைக் கண்டுவிட்டு, மறுபக்கக் கார் வரிசையால் சுற்றிக் குனிந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அண்ணையும் பார்த்தார். கொப்பியைத் திறந்து, அன்ரியின் பெயரைப் போட்டு, "குனிஞ்சு போனவ" என்று எழுதினார். பதினோராவது கருத்து அது.

"அண்ணை, இது கருத்தே?"

"நல்லாயிருக்கு எண்டதை விட இது எவ்வளவு உண்மை."

கலியாண வீடுகளுக்குக் கீபோட் வாசிக்கிற ஒருவர் மட்டும் அவருக்கு உண்மையாகவே உதவி செய்ய வந்தார். குரல் பரவாயில்லை, ஆனால் இது ஒத்திகை, பாட்டு எப்ப வரும் என்று கேட்டவர். தானே குதிரைப் பாட்டுக்குத் தபேலா, வயலின், புல்லாங்குழல் எல்லாம் போட்டு அனுப்பினார். அண்ணை ட்ரக்குக்குள் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் என்னைக் கேட்டார்.

"குதிரை எங்கை?"

"காணேல்லை அண்ணை."

"ரெயில் அடிச்சுப்போட்டுது போல."

ஆனால் கீபோட்காரருக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை. மெனக்கெட்டுச் செய்ததற்கு நன்றி சொன்னார். ஒத்திகை என்று அவர் சொன்ன கருத்தைக் கொப்பியில் அழகாக எழுதினார். சீடியில் ஒன்றும் மாற்றவில்லை.

இனி ஆறாவது பாட்டு. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்குக்கூடப் பிறகுதான் சொன்னேன்.

சீடி வருவதற்கு முந்திய வருடம், யூன் மாதம், என் அம்மா கிளிநொச்சியில் செத்துப்போனா. நான் பிரிட்ஜிங் விசா. போனால் திரும்பி வர ஏலாது. செத்தவீட்டு நாளில் லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள், ஆனால் நான் கேட்கவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் அறையில் தனிய இருந்து அதைப் போனில் பார்க்க எனக்குப் பயம். வேலைக்கு வந்துவிட்டேன். அங்கே காலை பத்தரை, இங்கே பின்னேரம் மூன்று. மச்சாள் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அரை மணி பிரேக். சாப்பாட்டு அறையில் ஆட்கள். கழிவறையில் சிக்னல் இல்லை. நான் மேடையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதை அண்ணை பார்த்தார். அவருடைய ட்ரக் இறக்குவதற்கு வந்து நின்றது.

"என்ன பிள்ளை?"

"அம்மான்ரை செத்தவீடு அண்ணை. இப்ப எடுக்கப் போகினம்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தூக்கி, "உள்ளுக்கு ஏறு" என்றார். ஏறினேன். பால் பெட்டியைக் காட்டினார். கதவை இழுத்து மூடினார்.

அம்மாவை வாசல் படலை வரைக்கும் பார்த்தேன். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அதனால் மச்சாளும் படலையோடு நின்றுவிட்டாள். பறைச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, படத்தில் படலைக்கு வெளியில் ஒழுங்கை மட்டும் தெரிந்தது. பிறகு மச்சாள் போனை நிறுத்தாமல் கதிரையில் வைத்துவிட்டு அழப் போய்விட்டாள். எனக்குக் கூரைத் தகரம் தெரிந்தது. நான் தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வெளியில் சுப்பவைசர் வந்தது கேட்டது. ஏன் இறக்கவில்லை என்று கேட்டான். அண்ணை இங்கிலிசில் சொன்னார், கதவு இறுகிப் போச்சு பொஸ், கொஞ்சம் பொறு. அவன் போய்த் திரும்ப வந்தான். திரும்பவும் அதே பதில். மழை பெய்தது. இடையில் ஒரே ஒரு தரம், உள்ளங்கையால் கதவில் மெதுவாகத் தட்டினார். நான் பதில் சொல்லவில்லை. அவர் திறக்கவும் இல்லை, திரும்பத் தட்டவும் இல்லை. நானாகக் கதவைத் தள்ளி இறங்கியபோது நாலேகால். அவர் கைபிடியைப் பிடித்தபடி நனைந்துபோய் நின்றார். "சரி, போ," என்றார். அவ்வளவுதான். இறக்கப் பிந்தினதுக்கு அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள் என்று மூன்று மாதம் கழித்து வேறொரு டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

அண்ணை அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. சீடி தந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆறாவது பாட்டு தொடங்கியது.

கதவு இறுகிப் போச்சு பொஸ்
கொஞ்சம் பொறு

நிறுத்திவிட்டேன். ஏழாவதும் எட்டாவதும் கேட்டேன். ஆறாவதை அதற்குப் பிறகும் தொடவில்லை.

மற்றவர்கள் அதைக் கேட்டார்கள். கொப்பியில் அதிகமான முறைப்பாடு அந்தப் பாட்டுக்குத்தான். "என்ன கதவுப் பாட்டு இது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே" என்று ஒருவர். நடுவில் பாட்டு நின்றுபோகிறது, சீடி பழுது, மாற்றித் தரவும் என்று நாலு பேர். சிட்னி பரமட்டாவில் இருக்கிற அவருடைய சிநேகிதர் ஒருவர் அங்கிருந்து போன் எடுத்தே கேட்டாராம், தபாலில் கீறுப்பட்டுவிட்டதோ என்று. அண்ணை அவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

என்னிடம் கேட்டபோது நான் "நல்லாயிருக்கு அண்ணை" என்றேன்.

பேனையைப் பிடித்தபடி நின்றார். வழக்கம்போல நிற்பார், நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். ஆனால் எனக்கு மட்டும் அவர் அப்படி நிற்கவில்லை. பெயரை எழுதி, வரியை வெறுமையாக விட்டார். "உனக்கு இடம் விட்டிருக்கிறன்," என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த இலக்கமே பெயராகிவிட்டது. பின்னேரம் இரண்டு மணிக்கு ட்ரக்கில் இருந்து இறங்கும்போதே, "பத்தொன்பது?" என்பார். வணக்கத்துக்குப் பதிலாக அது.

"நல்லாயிருக்கு."

"அது கருத்தில்லை."

எட்டு மாதம் இப்படிப் போனது. கடைசித் திங்கட்கிழமை எனக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது, காய்ச்சல் வேறு. ஆயிரம் பை. அவர் வந்து "பத்தொன்பது?" என்றார். நான் கத்தினேன். "உங்களுக்கு வேறை வேலையே இல்லையே அண்ணை? சும்மா போங்கோவன்!"

"வேலை இருக்கு," என்றார். கோபமில்லை. "போயிட்டு வாறன்."

செவ்வாய்க்கிழமை, வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில், மாரடைப்பு. ட்ரக்கை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப் பிரேக் போட்டிருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், பிறகு செத்தவரைப் பற்றி ஆளாளுக்கு எழுதுவார்கள். அண்ணைக்குப் பாட்டு இருந்ததால், கேட்டவர்களின் கருத்து என்று இரண்டு பக்கம் போட வேண்டும் என்று அக்கா சொன்னா. அதை என்னிடம் தந்தா.

"நான் எட்டாம் வகுப்பு அக்கா. எனக்கு எழுத வராது."

"நீ எழுத வேண்டாம். ஆக்களுக்குப் போன் எடு. சொல்லுறதை எழுது. அவர் அப்பிடித்தானே செய்தவர்."

போன் எடுத்தேன். பலசரக்குக் கடை அங்கிள், "ஈழத்து இசைவானின் விடிவெள்ளி" என்றார். கீபோட்காரர், "ஈடு இணையற்ற இசை மேதை" என்றார். கோயிலில் குனிந்து போன அன்ரி, "கானக்குயில் பறந்துவிட்டது" என்று சொல்லி உண்மையாகவே அழுதா. எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்து வாசித்தால், யாரோ ஒரு பெரிய வித்துவான் செத்துப்போன மாதிரி இருந்தது. அண்ணையைக் காணவில்லை. ரெயில் அடித்த குதிரை மாதிரி.

அந்தக் கிழமைதான் ட்ரக்கில் இருந்த அவருடைய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, அக்காவிடம் கொடுக்கும்படி என்னிடம் தந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, கிற்றார்க் கம்பி ஒரு சுருள், நீலக் கொப்பி.

நான் இரண்டையும் அக்காவின் குசினி மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் நான் எழுதின தாள், மறுபக்கம் கொப்பி. "எதைப் போடுறது அக்கா?"

அக்கா கொப்பியைத் திறந்து முதல் வரியைப் பார்த்தா. உப்பில்லாச் சொதி. முகம் மாறிவிட்டது.

"உனக்கென்ன விசரே? செத்த மனுசனுக்கு இதையே அச்சடிக்கிறது? சனம் என்ன சொல்லும்? மூடி வை."

மூடி வைத்துவிட்டு வந்தேன். அச்சடிக்கிறவர் வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொல்லியிருந்தார். வியாழன் காலை நான் பஸ்ஸுக்கு நிற்க அக்கா போன் எடுத்தா.

"முழுக்க வாசிச்சன்," என்றா. "எத்தினை பேர் திட்டியிருக்கினம். ஒருத்தரையும் வெட்டேல்லை மனுசன். அதையே போடு. என்ரையை முதல் போடு. ஆனா ஆக்களிட்டைக் கேட்டுப்போட்டுப் போடு."

திரும்பவும் எல்லோருக்கும் போன் எடுத்தேன்.

"ஐயோ பிள்ளை, நான் அப்பிடியே சொன்னனான்?" என்றார் கடை அங்கிள்.

"ஓம் அங்கிள். திகதியும் போட்டிருக்கு."

"கதவு யன்னல் இல்லாத வீடு எண்டே?"

"ஓம் அங்கிள்."

பெருமூச்சு விட்டார். "சரி, போடு. கீழை ஆழ்ந்த அனுதாபம் எண்டு ஒரு சொல்லு சேர்."

கீபோட்காரர் மட்டும் தன்னுடையதை எடுக்கச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து அவரே திரும்ப எடுத்து, "விடுங்கோ, இருக்கட்டும். அந்தாள் வெட்டியிருக்க மாட்டார்" என்றார். குனிந்து போன அன்ரியிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டு, "குனிந்து போனவர்" என்று மட்டும் போட்டேன். அண்ணையாக இருந்தால் பெயரையும் விட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை அச்சடிக்கிறவர் கேட்டார். "தங்கச்சி, பத்தொன்பது விடுபட்டுப் போச்சு. இலக்கத்தை மாத்தி விடவோ?"

"வேண்டாம் அண்ணா. வெறுமையா விடுங்கோ."

முப்பத்தோராம் நாள் ரோவிலில் ஒரு மண்டபம். பிதிர்க்கடன் காலையில் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நூறு பேர் வந்தார்கள். மலரைக் கதிரைகளில் வைத்திருந்தோம். முதலில் பக்கம் திருப்புகிற சத்தம். பிறகு எங்கேயோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அவர் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்ட, அவரும் சிரித்தார். "இது நீதானே?" "நான் இல்லை, நான் பதினாலாவது." குனிந்து போன அன்ரி மலரைப் பார்த்து, என்னைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. அழுகிறாவோ சிரிக்கிறாவோ என்று எனக்குத் தெரியவில்லை. செத்தவீட்டு மண்டபத்தில் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அண்ணையின் மகள் சீடியைப் போட்டாள்.

முதலாவது பாட்டு. குதிரை. என் கதவுச் சத்தம். "சீ, இல்லை" வந்தபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அவர் வந்து சொன்ன மாதிரி. நான் வெளியில் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் சாப்பாட்டுத் தட்டோடு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

கதவு இறுகிப் போச்சு பொஸ்
கொஞ்சம் பொறு
மழைதானே பெய்யுது
நான் நனைஞ்சால் காயும்

உள்ளே யார் இருக்கிறார் என்று பாட்டு சொல்லவில்லை. செத்தவீடு என்று சொல்லவில்லை. கைபிடி குளிராக இருந்தது, சப்பாத்துக்குள் தண்ணீர் போனது, மேடையில் ஒரு மக்பைக் குருவி நடந்து திரிந்தது, இவ்வளவுதான். பிறகு கிற்றார் நின்றது. குரலும் நின்றது. மெஷின் இரைகிற சத்தம் தூரத்தில். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் கரண்டிச் சத்தமும் நின்றது. கடை அங்கிள் எழும்பி, "சீடி நிண்டுட்டுது, ஆராவது பாருங்கோ" என்று பெட்டியிடம் போனார். கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ," என்றா அக்கா. "அது அப்பிடித்தான்."

அங்கிள் நீட்டின கையோடு நின்றார். நான் எண்ணினேன். நாற்பத்தொரு செக்கன். பிறகு கிற்றார் திரும்ப வந்தது. கடைசி வரி இரண்டே சொல், அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது. சரி, போ.

சாப்பாடு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரக், மழை, எச்சரிக்கைக் கடிதம். திங்கட்கிழமை கத்தினதையும் சொன்னேன். அக்கா அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டா. கடிதம் பற்றி அவவுக்கும் தெரியாது. பிறகு கைப்பையைத் திறந்து நீலக் கொப்பியையும் ஒரு பேனையையும் எடுத்து, அடுக்கின கதிரையின் மேல் வைத்தா.

"நல்லாயிருக்கு எண்டு எழுதினால் கிழிச்சுப்போடுவன்," என்றா.

அன்றைக்கு அவர் அந்த மழையில் நின்றது ஒன்றேகால் மணித்தியாலம். நான் பக்கத்தைத் திறந்து, திகதியைப் போட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன்.

"ஆறாவது பாட்டில் அந்த இடைவெளி போதாது, அண்ணை."